மாதவி நிறுத்திய இடம்

ஆயுத பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விமலனுக்குத் தெரியும். எப்படிக் கொடுப்பது என்பதுதான் தெரியாது. கிள்ளான் வீட்டில் படிக்கட்டுக்கு அடியிலிருந்த ஸ்டோர் அறைக்குள் நுழைந்து, படங்களும் தொடர்களும் சேர்த்து வைத்திருந்த சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்தான், குங்குமம் வைத்தான், பக்தி முற்றிப்போய்ச் சுவர் சுவிட்சையும் பட்டென்று அணைத்தான். மனைவி மாதவி இருந்தவரை அவள்தான் இதைச் செய்வாள். முதலில் முறையாக நிறுத்துவாள், பிறகுதான் பொட்டு.

மறுநாள்தான் மறுபடி எடுக்க வேண்டும். மனம் கேட்கவில்லை. சாயங்காலமே போட்டான். டேட்டாபேஸ் சிதைந்துவிட்டது என்றது திரை.

சர்வரை அமைத்துக் கொடுத்த முகுந்தன் பெட்டாலிங் ஜெயாவில் இருந்தான். அவனைக் கைப்பேசியில் கூப்பிட்டான்.

"படமெல்லாம் பத்திரமா இருக்கும் லா, அண்ணே. யாரு எதைப் பார்த்தாங்க, எங்க நிறுத்தினாங்க, அந்த விவரம்தான் போச்சு. புதுசா ஒண்ணு போட்டுக்கலாம்."

"அந்த விவரம்தான்டா எனக்கு வேணும்."

முகுந்தனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பங்குனியில் ஆம்புலன்ஸ் வந்தபோது மாதவி ஒரு தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. சர்வரில் அவள் பெயரைத் திறந்தால் அந்தத் தொடரின் படமும், அதன் கீழே அவள் பார்த்த தூரம்வரை ஒரு சிவப்புக் கோடும் நிற்கும். வேலை முடிந்து வந்ததும் விமலன் அதைத் திறந்து பார்ப்பான், மூடுவான். ஊரில் எல்லோரும் போட்டோவுக்கு மாலை போட்டால், இவனுக்கு ஒரு கோடு. மிச்சத்தைப் பார்க்க அவள் வருவாள் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. பைத்தியம் இன்னும் அவ்வளவு முற்றவில்லை என்பது அவன் எண்ணம்.

"பேக்கப் இருக்கா?" என்று கேட்டான் முகுந்தன்.

"இருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் boss நெனைக்கிறாங்க."

முகுந்தன் அங்கிருந்தே சர்வருக்குள் நுழைந்து, சிதைந்த கோப்பில் படிக்க முடிந்த வரிகளையெல்லாம் பிரித்தெடுத்துப் புதிய கோப்பில் கொட்டத் தொடங்கினான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டும் சத்தமும், பூஜைக்குக் கொளுத்திய சாம்பிராணியின் மிச்ச வாசனையும், ஹார்ட் டிஸ்க் விட்டு விட்டு முனகும் ஒலியும் அந்தக் குறுகிய அறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ள, விமலன் ஒரு பழைய பிளாஸ்டிக் முக்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்பவனைப்போல உட்கார்ந்திருந்தான்.

"இப்பப் பாருங்க."

மாதவியின் பெயரைத் திறந்தான். தொடர் இருந்தது. கோடும் இருந்தது. கண் கலங்கியதைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

கோடு நீண்டிருந்தது.

"முகுந்தா, அவ இவ்வளவு தூரம் பார்க்கல."

"ரெக்கவர் பண்ணும்போது கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், அண்ணே."

பேசிக்கொண்டிருக்கும்போதே கோடு நகர்ந்தது. அத்தியாயம் முடிந்தது. அடுத்தது தொடங்கியது. அதுவும் முடிந்தது.

"யாரோ பார்க்கிறாங்கடா. நீயா?"

"நான் எதையும் தொடல."

"அப்ப யாரு?"

"ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமா?"

தொடர் தீர்ந்துபோனது. அந்த இடத்தில் பெயரில்லாத இன்னொரு படம் வந்து நின்றது. சின்னப் படம். விமலன் குனிந்து பார்த்தான். குறுகிய அறை. முக்காலி. ஒருவன் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான்.

விமலன் கையைத் தூக்கினான்.

அவனும் தூக்கினான்.

இடி விழுந்தது. வீட்டில் கரண்ட் ட்ரிப் ஆனது. திரை அணைந்தது. விசிறி நின்றது. ஹார்ட் டிஸ்க் சுற்றி ஓய்ந்தது. இருட்டில் கைப்பேசி மட்டும் காதோடு.

"நின்னுருச்சுடா."

கைப்பேசியில் மூச்சு மட்டும்.

"முகுந்தா?"

"இங்க... என் ஸ்கிரீன்ல இன்னும் ஓடுது, அண்ணே."

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தலைவலித் தைலம். மாதவி நெற்றியில் தேய்த்துக்கொள்வது. பின்னாலிருந்து. மிக அருகில்.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. ஒரு கை அவன் பிடரியில் படிந்தது. குளிர்ந்த கை. விரல்கள் மெல்ல முடிக்குள் நுழைந்தன.

"தெரியுதா உனக்கு?"

"அண்ணே, வெளிய வாங்க."

"தெரியுதாடா?"

"லைன் சரியில்ல..."

"நேரா சொல்லுடா. மாதவிதானே?" குரல் உடைந்தது. "அவதானே?"

விரல்கள் இறுகின. காதருகே ஏதோ வாய் திறக்கும் ஈரச் சத்தம்.

"இல்லண்ணே," என்றான் முகுந்தன். "அது அக்கா இல்ல."