பூஜ்ய வலி

காலையில் வேலைக்கு வந்ததும் யாராவது ஒருவருடைய வலியை என் காலில் மாட்டிக்கொள்வேன். பாத மருத்துவ உரிம வாரியத்தில் புலனாய்வாளர் பிழைப்பு அப்படி. இப்போதெல்லாம் மனிதர்கள் புகார் கொடுப்பதில்லை. எல்லோர் செருப்பிலும் இருக்கும் உணரி, வலி கூடினால் தானே புகார் அனுப்பிவிடும். அந்தப் பதிவை வலியுறை என்கிற ஒரு சாக்ஸில் ஏற்றி நாங்கள் நடந்து பார்ப்போம்.

அன்று ஆம்பூர் கிளையில் டாக்டர் மெஹருன்னிசாவின் வழக்கு. அவர் பக்கத்தில் அவருடைய நோயாளி ஞானசேகரன். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவர், சர்க்கரைக்காரர்.

சிகிச்சைக்கு முந்தைய பதிவில் நடந்தேன். ஒன்றுமே இல்லை, காலுக்கடியில் தரை இருப்பதே தெரியவில்லை. பிந்தையதைப் போட்டு ஓர் அடி வைத்தேன். அம்மாடி! உயிர் போய் உயிர் வந்தது.

"என்ன டாக்டர் பண்ணி வச்சிருக்கீங்க இவர் காலை?" என்று கத்தியே விட்டேன்.

"செத்துக் கிடந்த நரம்பை எழுப்பியிருக்கேன், மேடம். வலிக்கத்தான் செய்யும். போகப்போக அடங்கிடும்."

"ஆணி குத்தி, ரத்தத்தோட வீடு வரைக்கும் நடந்து போனவன் மேடம் நான்," என்றார் ஞானசேகரன். "பொண்டாட்டி பார்த்து அலறினப்பதான் தெரிஞ்சுது. அதுல ஒரு விரல் போச்சு. இப்ப சின்னக் கல்லு பட்டாலும் தெரியுது."

எனக்குப் புரிந்தது. தீர்ப்பு சொல்லும் இயந்திரமான தீர்ப்பிக்கு எங்கே புரியும்? மரத்துப்போன காலை அது பூஜ்ய வலி, முழு ஆரோக்கியம் என்று பதிந்து வைத்திருந்தது. மதியத்துக்குள் வலி பழைய அளவுக்கு இறங்கினால் புகார் ரத்து. இல்லையென்றால் உரிமம் ரத்து. உரிமம் இல்லாதவர் நோயாளியின் பாதத்தைத் தொட்டாலே ஜெயில். நானும் விளக்கி விளக்கி அனுப்பினேன். அப்படியே திருப்பி அனுப்பியது, பாழாய்ப்போன பெட்டி.

ஞானசேகரன் காலை நீட்டினார். "மரத்துப்போக ஊசி இருக்கில்ல? போடுங்க டாக்டரம்மா. எனக்காக உங்க பொழப்பு போக வேணாம்."

"சும்மா இருங்க அண்ணே. இன்னொரு தடவை செத்தா அந்த நரம்பு திரும்பாது. அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும்."

மெஹருன்னிசா சட்டையில் குத்தியிருந்த உரிம வில்லையைக் கழற்றி என் மேசையில் வைத்தார். இனி வேறு எந்த டாக்டர் இந்த சிகிச்சையைத் தொடுவார்? உரிம ரத்தில் கைரேகை வைத்து வழக்கை முடித்தேன்.

சாட்சியான செருப்பை வாரியம் வைத்துக்கொண்டதால் ஞானசேகரன் வெறுங்காலோடு வாசலில் இறங்கினார். உச்சி வெயில்.

"ஐயோ, சுடுது! டாக்டரம்மா, சுடுது!" என்று துள்ளினார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

மெஹருன்னிசா ஓடினார். அவரை நிழலுக்கு இழுத்து உட்காரவைத்து, குனிந்து, அவர் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார்.

அந்தக் குற்றத்தைப் பதிய வேண்டியவள் நான். சாலையில் போகிற பேருந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.