அவள் இறங்கி வராத நாள்

பதுளையிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பும் லுணுகலை பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆதிலா டீச்சர் கையிலிருந்த சஞ்சிகையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு இவரு... வரிக்கு வரி உபதேசம்!"

பக்கத்தில் நனைந்த சட்டையோடு இருந்தவன் எட்டிப் பார்த்தான். "அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"விஷயம் நல்லாத்தான் இருக்கு. முதலாம் உலகப் போர் முடிஞ்சு எல்லைய மாத்துறாங்க. ஹங்கேரிக்காரப் பையன் ஒருத்தன், வீட்ட விட்டு நகராமலே ருமேனியாவுல சிறுபான்மை ஆயிடுறான். ஊர விட்டுப் போகாம, இருபத்திமூணு வயசுல தாய்மொழியில பத்திரிகை தொடங்குறான்... அதோட நிறுத்தியிருக்கலாம். எழுதினவரு வாய மூடல!"

"இனி மூடிக்கிறேன். நான்தான் றுஷ்தி... எழுதினவன்."

அவள் முகம் சிவந்தது. அவன் கண்களில் சிரிப்பு... வெளியே பசறை மலையெல்லாம் மழை.

அந்த ஹங்கேரிக்காரனைப் பற்றித்தான் றுஷ்தி கம்பஸில் படிக்கும்போது ஆய்வு செய்திருந்தான். அவனைப் போலவே லுணுகலையில் நாலு பக்கப் பத்திரிகை ஒன்றும் தொடங்கினான். எழுத்துப் பிழை பார்த்தது ஆதிலா. தினமும் பஸ்ஸில் ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைத்தார்கள்... அதற்கு மேல் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் படிப்பித்த தேயிலைத் தோட்டப் பள்ளியில் தண்ணீர் இல்லாமல் பிள்ளைகளை மதியமே லயத்து வீடுகளுக்கு அனுப்புவதை, ஒருநாள் மனம் வெதும்பி அவனிடம் சொன்னாள். அவன் அதை அப்படியே அச்சில் போட்டுவிட்டான். பெயர் இல்லை... ஆனாலும் யார் சொன்னதென்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பள்ளி அதிபர் அத்தனை பேர் முன்னாலும் அவளை ஏசினார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உண்மையத்தானே எழுதினேன், டீச்சர்?"

"பேரு உங்களுக்கு... தலைகுனிவு எனக்கு!"

மறுநாளிலிருந்து அவள் வேறு பஸ்ஸில் போனாள்.

மூன்றாம் வாரம், பதுளையில் அவள் வாப்பாவின் துணிக்கடை முன்னால் றுஷ்தி வந்து நின்றான். கடைக்கு மேலிருந்த வீட்டு ஜன்னலில் அவளைக் கண்டதும், மன்னிப்புக் கேட்பவன் போல நெஞ்சில் கை வைத்தான். கொட்டும் மழை. குடையில்லை. 'இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்' என்று நினைத்தாள். அரை மணி நேரம் நின்றான்... பிறகு போய்விட்டான். பத்திரிகையும் நின்றுபோனது. அவனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, பதுளைப் புத்தகக்கடை ஒன்றில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். அலுமாரியில் அவனுடைய முதல் புத்தகம்.

"ஹங்கேரிக்காரரு புத்தகமாயிட்டாரா?"

"ஆமா... ஊர விட்டுப் போகாதவனப் பத்தி, ஊர விட்டுப் போயி எழுதினேன்." தலையைக் குனிந்துகொண்டான். "உங்களக் கேக்காம அந்தப் பள்ளி விஷயத்த எழுதினது தப்பு, டீச்சர். அன்னைக்கு அதச் சொல்லத்தான் வந்தேன். கீழ வருவீங்கன்னு நெனச்சேன்..."

"வரத்தான் எழும்பினேன். வீம்பு விடல." அவள் கண்கள் நிரம்பின. "நான் உங்கள விரும்பினேன், றுஷ்தி. இப்பவும்தான்... இத்தன நாளும் அத எனக்கே சொல்லிக்கல."

அவன் அலுமாரி விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"வெலிமடையில எனக்குப் பொண்ணு பேசிட்டாங்க. போன வெள்ளிக்கிழம நானும் சம்மதம் சொல்லிட்டேன்..." குரல் உடைந்தது. "நானும் விரும்பினேன். ஒரு வாரத்துக்கு முந்தி எங்க இருந்தீங்க, ஆதிலா?"