சத்தமாகக் கூப்பிடச் சொல்லு

குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தை உள்ளே போனால் வெளியே வர நேரமாகும். அதற்குள் கிளம்பிவிடலாம் என்று மருமகள் செருப்பைத் தேடினாள். செருப்பு நாத்தனார் கையில் இருந்தது.

"இன்னைக்கும் அந்தப் பிரார்த்தனைக் கூடத்துக்குத்தானே அண்ணி?"

"ஆமாம்மா. குடு."

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க... மதம் மாறுறதுக்கு என்ன குடுத்தாங்க? பணமா, வேலையா? சொன்னா நாங்களும் வர்றோம்ல!"

முன்னறையில் தையல் மெஷின் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. கணவன் தலை தூக்கவில்லை. அந்த மெஷினில் குழந்தைத் துணி தைத்து இரண்டு வருஷமாகிறது. யார் கொண்டுவந்தாலும், "சின்ன அளவு எடுக்கிறதில்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவான். மகள் காய்ச்சலில் போன மறுநாளே அவளுடைய தட்டு, பொம்மை எல்லாம் கண்ணில் படாமல் போயின. அவள் கிறுக்கிய சுவருக்கு அவனே சுண்ணாம்பு அடித்தான். ஐந்து வயதுக்குள் வீட்டையே தலைகீழாக்கிய ஒருத்தியைப் பற்றி, அதன்பின் இங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

குழாய் நின்றது. அத்தை ஈரத் தலையோடு வந்து வாசலை மறித்தாள்.

"என் பொணத்தத் தாண்டிப் போ! நாம கும்பிட்ட சாமி உனக்கு என்னடி கொற வச்சுது?"

"சாமி ஒரு கொறையும் வைக்கல அத்தை..."

"அப்புறம்?"

இத்தனை நாள் சொல்லாததை அவள் கொட்டினாள்.

"அங்க வாரா வாரம் செத்துப்போனவங்க பேரச் சொல்லி வேண்டுவாங்க. பக்கத்துத் தெரு நர்ஸக்கா கூட்டிட்டுப் போனப்ப, உங்க வீட்ல யாரும்மான்னு அங்க இருந்த பெரியவர் கேட்டாரு. நாம அவளக் கூப்பிடுற 'வாயாடி'ங்கிறதுதான் எனக்கு வாயில வந்துச்சு. அத்தனை பெரிய பேருங்களுக்கு நடுவுல, 'வாயாடி'ன்னு கூப்பிட்டாரு அத்தை... ஒருத்தர்கூட சிரிக்கல! நீங்கல்லாம் அவள மறந்துட்டீங்க. அவ பேரு எங்க கேட்டுச்சோ, அங்க போனேன்..."

மெஷின் நின்றது. கணவன் எழுந்து வந்தான்.

"மறந்தோமா? ஒரு சின்ன கவுனப் பார்த்தாக்கூட நீ தாங்க மாட்டேன்னுதான்டி... அம்மாதான் யாரும் பேச்செடுக்கக் கூடாதுன்னாங்க..."

கழுத்தில் தொங்கிய டேப்பை முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

அத்தை சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"குழாயத் திறந்து விட்டுட்டு உள்ள என்ன பண்றேன்னு நெனச்ச? உன் காதுல விழுந்துடக் கூடாதுன்னுதான்... தெனமும் அவளத்தான்டி கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். வாயாடி, வாயாடின்னு..."

அவள் ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டாள். ஒரே வீட்டுக்குள், ஒரே குழந்தைக்காக, தனித்தனியாக அழுதிருக்கிறார்கள்! நாத்தனார் சத்தமில்லாமல் செருப்பை அண்ணியின் காலடியில் வைத்தாள்.

அழுது ஓய்ந்தபின் அத்தை அவள் கையை விடாமல் கேட்டாள்:

"இனிமே போக வேணாமில்ல?"

"போகணும் அத்தை. பேரக் கேக்கத்தான் போனேன். போகப் போக அந்தச் சாமிகிட்டயே பேச ஆரம்பிச்சுட்டேன். அதை இனி விட முடியாது..."

அத்தை அந்தக் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். பிறகு கையை விட்டாள். மெல்ல நகர்ந்து வழிவிட்டாள்.

தெருவில் இறங்கியவளைப் பின்னாலிருந்து அத்தையின் குரல் பிடித்தது.

"அந்தப் பெரியவர சத்தமாக் கூப்பிடச் சொல்லு... ஒரு தடவ கூப்பிட்டா அவ எங்க திரும்புவா!"