ரோஜாத் தொட்டியில் தண்ணீர் ஊற்றியது யார்?

ஜதுர்ஷிகாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? அவளுடைய ரோஜாச் செடியை யாரோ கொல்லப் பார்க்கிறார்கள்.

லண்டனில், லூயிஷாம் பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் சின்ன முற்றம் ஒன்று உண்டு. முழுவதும் சிமெந்து. மண் என்று பார்த்தால், வேலி மூலையில் ஐவிக்கொடி முளைத்த இடம் மட்டும்தான். அதனால் ரோஜா தொட்டியில் வளர்ந்தது. பள்ளித் தோட்டக் குழுவில் ஆளுக்கொரு குச்சி கொடுத்தார்கள். மற்றவர்களின் குச்சிகளெல்லாம் காய்ந்துபோயின. ஜதுர்ஷிகாவின் குச்சி மட்டும் துளிர்த்து, வளர்ந்து, இந்தக் கோடையில் சிவப்புச் சிவப்பாகப் பூத்தது.

குளிர்காலத்துக்கு அவள் ஒரு வேலையையும் மிச்சம் வைக்கவில்லை. கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எடுத்தாள். காற்று பிடித்து ஆட்டாமல் இருக்க நீண்ட கிளைகளைக் கத்தரித்தாள். வேருக்கு மேலே உக்கி மட்கிய இலைகளைப் பரப்பினாள்.

"இனித் தண்ணீர் அதிகம் வேண்டாம். மண் சொதசொதவென்று இருக்கும்போது உறைபனி விழுந்தால், தொட்டிக்குள் வேரும் உறைந்துவிடும்" என்று தோட்டக் குழு டீச்சர் சொல்லியிருந்தார்.

அன்று சனிக்கிழமை. இரவு உறைபனி விழும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஒரு வாரமாக மழையே இல்லை. ஆனாலும் தொட்டியில் விரலை வைத்தால் ஒரே சேறு.

ஜதுர்ஷிகா யோசிக்கவே இல்லை. தம்பி ஹரிசனைக் கையில் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தாள்.

"நீதானே தண்ணி ஊத்தினனீ?"

"நான் ஊத்தேல்லை" என்றான் ஹரிசன். அவனுக்கு ஆறு வயது.

"பொய் சொல்லாதை. கோடையிலை தீயணைப்பு விளையாடி இதுக்குள்ளை வாளி வாளியா ஊத்தினது ஆர்?"

"அது அப்ப. இப்ப ஊத்தேல்லை."

"நீ இனி இந்தத் தொட்டியைத் தொடக்கூடாது. கிட்டவும் வரக்கூடாது. விளங்கிச்சோ?"

அவள் போட்ட சத்தத்தில் ஹரிசனின் உதடு கோணியது. அழுதுகொண்டே உள்ளே ஓடினான். நல்லா அழட்டும் என்று நினைத்தாள் ஜதுர்ஷிகா. தண்ணீர் வடியும்படி தொட்டியைத் தூக்கி வைக்கச் செங்கல் தேடினாள்.

அப்போது மாடிப்படிக் கதவு திறந்தது.

மாடியில் குடியிருக்கும் லக்ஷ்மிப்ரியா அன்ரி வந்தார். சென்னையிலிருந்து போன மாதம்தான் லண்டனுக்கு வேலைக்கு வந்தவர். மற்ற நாட்களில் விடியும் முன்பே ரயில் பிடிக்கப் போய்விடுவார். இன்று விடுமுறை. தலையில் கம்பளித் தொப்பி, கையில் பித்தளைச் செம்பு. நேராக ரோஜாத் தொட்டிக்குப் போனார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். செம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் தொட்டியில் ஊற்றினார்.

ஜதுர்ஷிகா கையில் செங்கலோடு நின்றாள். காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் பெரியவரை எப்படி ஏசுவது? பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"அன்ரி, ஒவ்வொரு நாளும் நீங்களோ ஊத்துறீங்கள்?"

"ஆமாம்மா. சாமிக்கு அபிஷேகம் பண்ணின தண்ணி. கால் படற இடத்துல ஊத்தக்கூடாது. எச்சில் பாத்திரம் கழுவற சிங்க்ல எப்படி ஊத்தறது? இங்க செடின்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"என்ரை ரோசா செத்துப்போகும் அன்ரி."

லக்ஷ்மிப்ரியா அன்ரியின் முகம் மாறியது. "தண்ணி ஊத்தினா செடி சாகுமா? எங்க ஊர்ல ஒரு நாள் ஊத்தலைன்னாதான் வாடிப்போகும்."

ஜதுர்ஷிகா டீச்சர் சொன்னதைச் சொன்னாள். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அதுக்கு நல்லதுன்னு நெனச்சேனே. மன்னிச்சுடும்மா."

இப்படிச் சொன்ன பிறகு யாரால் சண்டை போட முடியும்? ஆனால் கோபமும் போகவில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. அன்ரியின் நிலைமையும் அதுதான். நாளைக்கும் சாமிக்கு அபிஷேகம் பண்ண வேண்டும். அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவார்?

"ரோட்டிலை நிக்கிற பெரிய மரத்துக்கு ஊத்துங்கோவன்."

"அங்க வர்ற நாயெல்லாம் காலைத் தூக்குதே."

அதுவும் சரிதான். ஜதுர்ஷிகா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். வேலி மூலையில் ஐவிக்கொடி பச்சைப் பசேலென்று நின்றது. அப்பா எத்தனையோ தடவை வெட்டியும் சாகாத கொடி.

"அன்ரி, அதுக்கு ஊத்துங்கோ. அது நிலத்திலை நிக்குது, தண்ணி கீழை இறங்கிப் போயிடும். ஆரின்ரை காலும் படாது. நாயும் வராது."

"அது களைச்செடி இல்லையா?"

"களையும் செடிதானே அன்ரி."

அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, சாமி அதெல்லாம் பார்க்கமாட்டார்" என்றார்.

இருவரும் தொட்டியைச் சுவரோரம் இழுத்தார்கள். கல்லாய்க் கனத்தது. தூக்கிப் பிடித்தால், அடியில் செங்கல் வைக்க ஆள் இல்லை. ஜதுர்ஷிகா திரும்பிப் பார்த்தாள். பின்கதவில் ஹரிசன் நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"தம்பி, இந்தக் கல்லை வைக்கிறியோ?"

"மாட்டன். அன்ரியை நீ ஏசேல்லை. என்னை மட்டும் ஏசினனீ."

ஜதுர்ஷிகாவுக்குச் சுருக்கென்றது. அன்ரி பெரியவர், அதனால்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படியென்றால் சின்னவனை ஏசலாமா? அவளுக்கு இப்போது அவள்மேலேயே கோபம் வந்தது.

"ஓம். பிழை என்னிலைதான். கேக்காமல் ஏசிப்போட்டன். வேணுமெண்டால் இப்ப நீ என்னை ஏசு."

ஹரிசன் சந்தேகமாகப் பார்த்தான். "எவ்வளவு சத்தமா?"

"உனக்கு ஏலுமான அளவு."

ஹரிசன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். "நான் ஊத்தேல்லையெண்டு சொன்னனான்தானே!"

வேலியிலிருந்த புறாக்கள் பறந்து போயின. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அப்பாவின் தலை யன்னலில் தெரிந்தது.

"என்ன சத்தம் அங்கை?"

"ஒண்டுமில்லை அப்பா" என்று அக்காவும் தம்பியும் ஒன்றாகச் சொன்னார்கள்.

ஜதுர்ஷிகாவும் அன்ரியும் தொட்டியைத் தூக்க, ஹரிசன் செங்கற்களைத் தள்ளினான். அவ்வளவுதான். அடித்துளையிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. சிமெந்தில் ஓடி அன்ரியின் செருப்பை நனைத்தது.

"இவ்வளவும் நான் ஊத்தினதா?" என்றார் அன்ரி. மாடிக்கு ஓடிப்போய், புதுச் சாமான்களைச் சுற்றி வந்த குமிழ் பிளாஸ்டிக்கை அள்ளிக்கொண்டு வந்தார். மாலைவரை தண்ணீரை வடியவிட்டு, குளிர் ஏறாமல் அதைத் தொட்டியைச் சுற்றி மூன்று பேருமாகக் கட்டினார்கள். குமிழ்களை உடைக்காமல் இருக்க ஹரிசன் மிகவும் பாடுபட்டான்.

இரவு உறைபனி விழுந்தது. காலையில் முற்றம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஜதுர்ஷிகா எழுந்ததும் வெளியே ஓடி வந்தாள். ஹரிசனும் பின்னால் வந்தான். தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"கிட்ட வா" என்றாள் அவள். "விரலை வைச்சுப் பார்."

ஹரிசன் இலைகளை விலக்கினான். மண்ணுக்குள் விரலை முழுவதுமாக விட்டான்.

"உறையேல்லை அக்கா."

ஜதுர்ஷிகா குனிந்து பார்க்கவில்லை. அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.