இருபத்தெட்டாம் இருக்கை

காலியாகப் போன ரோலர் கோஸ்டர் ரயில் காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் இருபத்தெட்டாம் இருக்கையின் கம்பி மட்டும் சற்று மேலே நின்றது.

ஆப்பரேட்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தான். மடிமேல் இறங்கிப் பூட்டும் அந்தக் கம்பிக்கு ஆறு பல். ஆள் இல்லையென்றால் ஆறு முறை ‘டிக்’ என்று இறங்கி இருக்கையைத் தொட்டுவிடும். ஒல்லிப்பிச்சான் என்றால் நான்கு. பஃபேயிலிருந்து நேராக வந்தவர் என்றால் இரண்டு. பூட்டிய கம்பி ஓட்டத்தில் இன்னும் இறங்கலாம். ஏற வழியே இல்லை.

திரையில் எல்லாம் ஆறு. இருபத்தெட்டு மட்டும் ஐந்து.

திறந்து, பூட்டி, மறுபடி அனுப்பினான். உலகத்திலேயே அதிகம் என்று வாசலில் எழுதிவைத்த பதினைந்து எஃகு வளையங்களும் காலை வெயிலில் ஒன்றன்பின் ஒன்றாக முனகின. கிரீஸும் புதுப் பெயின்டும் கலந்த நெடி அறைக்குள் வந்து நின்றது. வளையங்களின் நிழல்களுக்குள் ரயிலின் நிழல் தலைகீழாக ஓடியது. திரும்பி வந்ததும் மறுபடி திறந்து பூட்டினான். நான்கு.

இறங்கிப்போய்த் தொட்டுப் பார்த்தான். மற்ற இருக்கைகள் பனியில் சில்லென்றிருந்தன. இது வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

மேனேஜர் டையைச் சரிசெய்தபடி வந்தார்.

"சார், கடைசி சீட்ல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி காட்டுது."

"டிக்கெட் எடுத்தாங்களா?"

"சார்..."

"சென்சார் தகராறுய்யா. ஆறுன்னு எழுது. வாசல்ல கேமரா, சாதனையைச் சரிபார்க்கிற ஆளுங்க, எல்லாரும் நிக்கிறாங்க. பத்து மணிக்கு வண்டி போகல, அப்புறம் நாம ரெண்டு பேரும்தான் வீட்டுக்குப் போகணும்."

சோதனை ஏட்டில் ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எல்லா ஆப்பரேட்டர்களும் செய்வதுதான்.

கதவு திறந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு முதலில் ஓடிவந்து கடைசி இருக்கையில் தொப்பென்று விழுந்தவள் அவன் தங்கை.

"அங்க வேணாம். முன்னாடி வா," என்றான் மைக்கில்.

"கடைசி சீட்லதான் தூக்கியடிக்கும்னு நீதானேண்ணா சொன்ன? இப்ப முன்னாடி எல்லாம் ஃபுல்லாயிடுச்சு. சீன் போடாம அனுப்பு!"

கூட்டம் சிரித்தது. கம்பிகள் இறங்கின. அவள் ஒல்லிப்பிச்சான். நான்கு வரவேண்டும்.

இரண்டு.

அவள் மடியில் பை இல்லை. எதுவும் இல்லை. நிறுத்தினால் காரணம் கேட்பார்கள், ஏடு திறக்கும், அவன் போட்ட கையெழுத்து சிரிக்கும். தடித்த ஜாக்கெட் போட்டிருக்கிறாள், அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

சங்கிலி இழுத்தது. உச்சி. சரிவு. அலறல்.

முதல் வளையம். இரண்டு.

ஐந்தாவது. மூன்று.

எட்டாவது. நான்கு. அப்பாடா. என்னவாக இருந்தாலும் இறங்கிப்போய்விட்டது. மூச்சு விட்டான்.

பதினொன்று. ஐந்து.

அலறல்களில் ஒன்று குறைந்தது.

பதினைந்து.

ஆறு.

ரயில் வந்து நின்றது. கைதட்டல். கேமராக்கள். மேனேஜர் யாரையோ கட்டிப்பிடித்தார். அவன் மேடையில் ஓடினான்.

கடைசி இருக்கையில் தங்கை சிரித்தபடி இருந்தாள். இரண்டு கைகளும் மேலே. கம்பி இருக்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில் அவள் ஜீன்ஸ், இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக.

"திறந்து விடுண்ணா," என்றாள்.