பழுது என்று சொல்லும் அலமாரி

“அம்மா, அந்த மாமா கையை வெச்சா மட்டும் அலமாரி ஏன் கெட்டுப்போகுது?”

பல வருடங்களுக்கு முன் மருந்தக வரிசையில் நின்ற ஒரு சிறுமி கேட்டது. மருந்தாளுநர் சுடலைமணியின் காதில் இன்னும் ஒலிக்கிறது.

கையறி அலமாரிகள் அப்போதுதான் வந்திருந்தன. வலி மருந்தும் தூக்க மருந்தும் அவற்றுக்குள்தான் இருக்கும். மருந்தாளுநர் உள்ளங்கையை வைத்தால் வியர்வையை முகரும்; போதை மருந்தின் சுவடு இருந்தால் திறக்காது. சிக்கியவரின் காதுக்குள் ‘மறைதுணை’ என்ற கருவியைப் பதித்துவிடுவார்கள். ஓராண்டுக்கு அது புத்தி சொல்லும். சிக்கியது யார் என்பது பரம ரகசியம். அந்த ரகசியத்தைக் காக்க மருந்தாளுநர் மன்றத்து மேதாவிகள் கண்டுபிடித்த வழிதான் அபாரம்: திறக்காத அலமாரி ‘பழுது’ என்று சிவப்பு எழுத்தில் பொய் சொல்லும். பக்கத்து அலமாரியோ பளிச்சென்று திறக்கும். இதற்கு அந்த ஆளின் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கலாம்.

அன்று சிக்கியவன் சுடலைமணி; வரிசையே சிரித்தது. பக்கத்தில் வேலை செய்த எமல்டா உள்ளே போய்வந்து தன் அலமாரியில் கை வைத்தாள். அதுவும் ‘பழுது’.

“கரண்டுல ஏதோ கோளாறு. மேல்மாடிலேருந்து மருந்து வரும், உக்காருங்க.”

சிரிப்பு அடங்கியது. பிறகு அவள் டீ நீட்டியபோது, அவள் கையில் போதைச் சத்து கலந்த இருமல் மருந்தின் தித்திப்பு வாசனை. ஒரு சொட்டைத் தேய்த்திருக்கிறாள். அதற்காக ஓராண்டு அந்த உபதேசத்தை அவளும் காதில் சுமந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சுடலைமணி போதையிலிருந்து மீண்டான். மன்றம் கருவிக்கு விருது கொடுத்தது.

இப்போது தலைமை மருந்தாளுநர் பதவி அவனுக்கு வரவிருக்கிறது. இன்னொரு முறை அலமாரி மறுத்தால், மன்றத்தின் விதிப்படி அது கிடையாது.

எமல்டாவுக்கு முழங்கால் அறுவை நடந்தது. வலிக்கென்று தொடங்கிய மாத்திரை அவளை விடவில்லை. இன்று அவள் கை வைத்ததும் சிவப்பு எழுத்து.

“பழுதாம்ல! அலமாரிக்கா, அம்மாளுக்கா?” என்றார் வரிசையில் ஒருவர்.

“கழுத்துல செபமாலை வேற,” என்று ஒரு பெண் உதட்டைச் சுழித்தாள்.

“அலமாரிதான்யா...” எமல்டா மறுபடியும் கையை அழுத்திப் பார்த்தாள்.

“இருங்கக்கா, என் அலமாரில எடுத்துத் தாரேன்,” என்று சொல்லிவிட்டு சுடலைமணி உள்ளறைக்குப் போனான். யாரும் இல்லை. இருமல் மருந்துப் புட்டியைச் சாய்த்து, ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்தான்.

வெளியே வந்து தன் அலமாரியில் கை வைத்தான். ‘பழுது’.

“எழவு, இதுவும் போச்சா! கரண்டுதான் சதி பண்ணுது. மேல்மாடிக்குச் சொல்லுதேன், உக்காருங்க.”

சிரித்த வாய்கள் மின்வாரியத்தைத் திட்டத் தொடங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த எமல்டா எதையும் கவனிக்கவில்லை.

அவன் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தான். பல வருடங்களாகக் காதுக்குள் உறங்கிய கருவி விழித்துக்கொண்டது.

“மீண்டும் தவறிவிட்டீர்கள், சுடலைமணி. கவலை வேண்டாம். இது யாருக்கும் தெரியாது.”

கருவி முதல்முறையாக உண்மை பேசியது. அவன் சோப்பைக் கையில் எடுத்தான்.