நான்காம் கூடாரத்துச் செருப்பு

நான்காம் கூடாரத்தின் வாசலில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

இருக்கக் கூடாது. மழை எச்சரிக்கை வந்ததால் அன்றைய முன்பதிவுகளை எல்லாம் காலையிலேயே ரத்து செய்தாயிற்று. செய்தவளே ஜோவிதாதான். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, மன்னிப்புக் கேட்டு, வேறு தேதி தந்து, அதற்கும் திட்டு வாங்கி, மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. ஊரப்பாக்கத்துக்குப் பின்னால் ஏரியை ஒட்டிய அந்தப் பூங்காவில் நடைப்பயிற்சிக்காரர்கள்கூட இல்லை. அவளும், கேட்டில் சவுரிமுத்து அண்ணனும் மட்டும்.

பழைய ரப்பர் செருப்பு. இன்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி வெளுத்து, தண்ணீரில் வெகுநாள் கிடந்ததுபோல் உப்பியிருந்தது. முனைகள் கூடாரத்தைப் பார்த்தபடி, ஒன்றோடொன்று ஒட்டி, நேராக.

அவளுக்கு முதலில் வந்தது அலுப்புதான். இன்றைக்கும் நேரத்துக்குப் போக முடியாது.

செருப்பை வெளியே விட வேண்டும் என்பது பகல் வாடகைக்குக் கூடாரம் எடுப்பவர்களுக்கான விதி. கூடாரத்தின் ஜிப்பைத் தொடக் கூடாது என்பது ஊழியர்களுக்கான விதி. முன்பு ஒரு காவலாளி காலி என்று நினைத்துத் திறந்தபோது, உள்ளே ஒரு பெண் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் வேலை போயிற்று. அதிலிருந்து வெளியே நின்று கூப்பிடுவதோடு சரி. பதில் வராவிட்டால் செருப்பைப் பார்ப்பார்கள். செருப்பு இருந்தால் ஆள் உள்ளே, கேட்டைப் பூட்ட முடியாது. செருப்பு இல்லையென்றால் ஆள் போயாயிற்று. "நம்ம பார்க்ல ஆளுக்கு மதிப்பில்ல பாப்பா, செருப்புக்குத்தான் மதிப்பு" என்று சவுரிமுத்து சிரிப்பார்.

வீட்டில் அம்மா தபீதாள் தனியாக இருந்தாள். அவளுக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் இரண்டு நாள் முன்புதான் அறுவை நடந்து, கட்டுப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் கட்டைப் பிரித்துச் சொட்டு மருந்து விட வேண்டும். யார் கதவைத் தட்டினாலும் அம்மா திறப்பதில்லை. ஜோவிதாவின் இடது செருப்பு அடி பிரிந்து, நடக்கும்போதெல்லாம் டப், டப் என்று தட்டும். அந்தச் சத்தத்துக்குத்தான் தாழ்ப்பாள் விலகும். கண் சரியாகும்வரை புதுச் செருப்பு வாங்காதே என்று உத்தரவே போட்டிருந்தாள்.

ஜோவிதா கட்டிய தொண்டையால் கூப்பிட்டாள். "யாராவது இருக்கீங்களா? பார்க் மூடற நேரம்."

ஏரிப் பக்கமிருந்து அழுகிய ஆகாயத்தாமரையின் வாடை வந்தது. தவளைகள் விட்டுவிட்டுக் கத்தின. கூடாரத் துணிமேல் பழைய மழையின் சொட்டுகள் மரத்திலிருந்து விழுந்து, ஒவ்வொன்றும் யாரோ விரலால் உள்ளிருந்து சுண்டுவதுபோல் கேட்டது. அவள் மறுபடி கூப்பிட்டாள்.

"இருக்கேன்."

கரகரத்த குரல். தரையோடு தரையாக, வாயைப் பாயில் அழுத்திக்கொண்டு பேசியதுபோல. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது தவளைகள் மட்டும் கத்தின. தவளைதான் என்று சொல்லிக்கொண்டாள். விலங்கியல் படித்தவள். எந்தத் தவளையும் அப்படிக் கத்தாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

சவுரிமுத்துவுக்குப் போன் செய்தாள். காலையிலிருந்து ஈ காக்கை உள்ளே வரவில்லை என்று அவர் சாதித்தார்.

"போன வாரம் வந்தவன் எவனாச்சும் வுட்டுட்டு போயிருப்பான். வூட்ல ஃபேன் கீது, கட்டில் கீது, அத்த வுட்டுட்டு புக் பண்ணிகினு வந்து கொசுக்கிட்ட படுக்கறானுங்க, செருப்பா ஞாபகம் இருக்கும்? தூக்கிப் பொட்டில போட்டுட்டு கெளம்பு பாப்பா. மழ வர்து."

குரல் கேட்டதை அவள் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரும் காத்திருக்க வேண்டும்.

குனிந்து எடுத்தாள். செருப்பு கனத்தது. வெளியெல்லாம் ஜில்லென்று நீர் வடிந்தது. கால் பதியும் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அலுவலகத்தை நோக்கி நடந்தாள். பின்னால் ஜிப் திறக்கும் சத்தம். மெதுவாக. பல் பல்லாக. காற்று என்று நினைத்துக்கொண்டாள். திரும்பவில்லை.

அலுவலகத் தரையைக் காலையில் அவளே துடைத்திருந்தாள். சேறு படக் கூடாதென்று வழக்கம்போல் தன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தொலைந்த பொருட்களின் பெட்டியில், குடைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் நடுவே, அந்த ஜோடியைப் போட்டாள். கை கழுவினாள். வாடை போகவில்லை. சோப்புப் போட்டாள். மறுபடி போட்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. குழாயை மூடியபோது வெளியே தூரத்தில் கேட்டது.

டப். டப்.

வாசலில் அவள் செருப்பு இல்லை.

விளக்கு வெளிச்சத்தில் சேறு தெளிவாகத் தெரிந்தது. கூடாரத்திலிருந்து வாசல்வரை வெறுங்கால் தடம். விரல்கள் நீளமாக, அகன்று. வாசலிலிருந்து கேட்டுவரை செருப்புத் தடம்.

அவளுடையது.

போனில் சவுரிமுத்துவின் பின்னால் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பேருந்துகள் இரைந்தன.

"இன்னா பாப்பா, எதுனா மறந்துட்டியா? பூட்டிட்டு வந்துட்டனே."

"அண்ணா, நான் உள்ள இருக்கேன்."

"வெளாடாத. இப்பத்தான என்னத் தாண்டிப் போன? சொல்லிகினு போறதில்ல, திரும்பிகூட பாக்கல. தலை எல்லாம் சொட்ட சொட்ட. கொட எங்கன்னு..."

மழை பிடித்துக்கொண்டது. லைன் போயிற்று. ஓடினாள். சரளைக்கல் காலில் குத்தியது. கேட்டில் பூட்டு. ஆட்டினாள். வீடு பத்து நிமிட நடைதான். அவளுக்கு. அதற்கு?

அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்தது. எடுத்தாள்.

"வாசல் வரைக்கும் வந்துட்டு எதுக்குடி போன்? சத்தம் கேக்குதே. இரு, தொட்டுத் தொட்டுத்தான் வரணும்."

"அம்மா, திறக்காதீங்க."

காற்றுதான் வந்தது. கட்டிய தொண்டையில் மிச்சமிருந்த குரலும் போயிருந்தது. அம்மா அதற்குள் போனை நைட்டிப் பையில் போட்டிருந்தாள். அணைக்க அவளுக்குத் தெரியாது. துணி உரசியது. நாற்காலி இடிபட்டது. ஜோவிதா கம்பியில் நெற்றியை வைத்துக் கத்தினாள். மூச்சு மட்டும்.

டப். டப். நின்றது.

தாழ்ப்பாள்.

"ஏன் பேசாம நிக்கற? இருக்கியாடி?"

"இருக்கேன்."

தொண்டை கட்டிய குரல். அவளுடையதேதான்.

"பாவம், தொண்டை இன்னும் சரியாகலையா. ஐயோ, கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு? சரி, முதல்ல மருந்த விடு. எரியுது."

கட்டில் கிறீச்சிட்டது. பிளாஸ்திரி உரியும் சத்தம். மருந்துப் புட்டியின் மூடி திறந்தது. அப்புறம் பூங்காவிலும் போனிலும் ஒரே மழை.

அம்மாவின் குரல் கிட்டத்தில் கேட்டது.

"கட்டைப் பிரிச்சிட்டேன். கண்ணைத் திறக்கட்டுமா?"